வலி ஓரிடம், பழுது ஓரிடம்

குதிகால் வலிக்காக மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலர் கையில் ஓர் எக்ஸ்ரே படத்தோடும், "எலும்பு வளர்ந்திருக்கு" என்ற தீர்ப்போடும் வீடு திரும்புகிறார்கள். படத்தில் குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் பக்கமாக ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகு வேறு விளக்கம் எதற்கு? காலை ஊன்றும்போதெல்லாம் முள் சதையில் குத்துகிறது, வலிக்கிறது. வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் ஆளாளுக்கு முடிவு செய்துவிடுவார்கள்.

ஆனால் குதிகாலில் வலி என்பதையே அறியாதவர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தால், அவர்களிலும் பலரிடம் இதே முள் இருக்கிறது. வலியில் துடிக்கிற பலரிடம் முள்ளே இல்லை. வலி முழுக்கத் தீர்ந்து ஓடியாடுகிறவருக்கு மறுபடி படம் எடுத்தால், பழைய முள் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. முள்ளுக்கும் வலிக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

பாதமும் கணுக்காலும் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகின்றன. வலிக்கிற இடத்தில் பெரிதாகப் பழுது இருக்காது. பழுதான இடம் வலிக்காமல் இருக்கும். படத்தில் தெரிவது குற்றவாளியாக இருக்காது, குற்றவாளி படத்தில் தெரிய மாட்டார். இதைப் புரிந்துகொண்டால் காலுக்கு வரும் கோளாறுகளில் பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

*

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52 எலும்புகள். உடலில் இருக்கும் 206 எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இத்தனை துண்டுகளாக இருக்கும் ஒன்று, நடக்கும்போது ஒரு கணம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நெகிழ வேண்டும், அடுத்த கணமே உடல் எடையை முன்னால் தள்ளும் அளவுக்கு விறைக்க வேண்டும். இரண்டையும் ஒரே உறுப்பு எப்படிச் செய்கிறது?

உள்ளங்காலின் தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், குதிகால் எலும்பில் தொடங்கி ஐந்து விரல்களின் அடிவரை ஓர் அகன்ற தசைநார்ப் பட்டை ஓடுகிறது. குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்கும். அப்போது இந்தப் பட்டை விரல் மூட்டுகளைச் சுற்றி இழுபட, பாத வளைவு உயர்ந்து இறுகிவிடும். 1954இல் இதை விளக்கிய ஆங்கில மருத்துவர் ஹிக்ஸ், நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கப்பல் உருளையை இதற்கு உவமை சொன்னார். வெறுங்காலோடு நின்று கையால் பெருவிரலை மட்டும் தூக்கிப் பாருங்கள், உள்ளங்கால் வளைவு தானாக எழும்பும்.

ஒவ்வோர் அடியிலும் இழுபடும் இந்தப் பட்டை, குதிகாலோடு சேரும் இடத்தில்தான் நைந்துபோகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து கிடப்பதால் பட்டை சற்றுச் சுருங்கியிருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி அதை வெடுக்கென்று இழுக்கிறது. அதனால்தான் முதல் பத்து அடிகளுக்கு உயிர் போகிறது. சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி குறைந்துவிடுகிறது. வலி வரும் இந்த நேரமே நோயைக் கண்டுபிடிக்கப் போதும். பெரும்பாலும் எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை.

நீண்ட காலம் இதை அழற்சி என்றே நம்பினார்கள். 2003இல் அமெரிக்காவில், அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த ஐம்பது திசு மாதிரிகளை லெமாண்ட் குழுவினர் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அழற்சிக்கு உரிய செல்களைக் காணோம். இருந்ததெல்லாம் நைந்து, தாறுமாறாகிப் போன நார்கள். அப்படியானால் அழற்சியை அடக்கும் மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் எதை அடக்குகின்றன? ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கிறது, மறுப்பதற்கில்லை. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டையே அறுந்துபோகும் ஆபத்தும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகும் ஆபத்தும் உண்டு.

நைந்த நாருக்கு வேண்டியது அளவான சுமை. 2014இல் டென்மார்க்கில் ராத்லெஃப் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக்கொண்டு, ஒற்றைக்காலில் மெதுவாகக் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதத்தில், உள்ளங்காலை இழுத்துவிடும் வழக்கமான பயிற்சி செய்தவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். குதிகால் வலி பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு வாக்கில் அடங்கிவிடும். சிகிச்சையெல்லாம் அந்த ஓராண்டைச் சுருக்குவதற்குத்தான்.

இது யாருக்கு வருகிறது? உடல் எடை கூடியவர்களுக்கு, கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்கு, திடீரென்று ஓடத் தொடங்கியவர்களுக்கு. பிறகு, நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. கேரளம் 2018இல் செய்தது. தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தொழிலாளர் உரிமையாக மட்டும் பேசப்பட்ட அந்தத் திருத்தத்தை நல்லதொரு எலும்பியல் மருத்துவச் சீட்டு என்றும் சொல்லலாம். வாடிக்கையாளர் வரும்போது அந்த நாற்காலியில் உட்கார விடுகிறார்களா என்பது வேறு கதை.

*

அடுத்தது, கால் பிரண்டு போவது. படியில் கடைசி ஒன்றைத் தவறவிட்டோ, பேருந்திலிருந்து இறங்கும்போது சாலை ஓரத்தில் சறுக்கியோ, பாதம் உட்பக்கமாகத் திரும்பி உடல் எடை முழுவதும் வெளி விளிம்பில் இறங்குகிறது. பெரும்பாலும் உட்பக்கமாகவே ஏன் திரும்ப வேண்டும்? கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கக் கணு உட்பக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். பாதம் வெளியே சாய்வதை அந்த எலும்பு தடுத்துவிடுகிறது. போதாததற்கு உட்பக்கத் தசைநார் அகன்றது, தடித்தது. வெளிப்பக்கம் மூன்று தனித்தனி நார்கள் மட்டும். அவற்றில் முன்புறம் இருப்பதுதான் மிக மெலிந்தது. சுளுக்கு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இந்த ஒரு நார் இழுபட்டோ கிழிந்தோ போனதுதான்.

அரைமணி நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடும். வீட்டில் ஒருவர் எண்ணெயைச் சூடு பண்ணி உருவிவிட வருவார், இன்னொருவர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பத்துப் போடச் சொல்வார், மூன்றாமவர் புத்தூர்க் கட்டுக்கு வண்டி பிடிக்கச் சொல்வார். பத்தும் கட்டும் காலை அசையாமல் பிடித்து வைக்கின்றன என்ற அளவில் தீங்கில்லை. உருவுவதுதான் வம்பு. அப்போதுதான் கிழிந்த நாரை அழுத்தித் தேய்த்தால் உள்ளே கசியும் இரத்தம் கூடும். எலும்பு முறிந்திருந்தால், உருவுகிறவர் முறிந்த துண்டை இடம் மாற்றிக்கொண்டிருப்பார்.

முறிவா, சுளுக்கா? வீக்கத்தையும் வலியின் அளவையும் வைத்து இதைச் சொல்ல முடியாது. சுளுக்கு முறிவைவிட அதிகமாக வலிப்பதுண்டு. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரத்து அவசரப் பிரிவு மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு, நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பரிசோதித்து ஓர் எளிய விதியை வகுத்தது. கணுக்காலின் வெளி எலும்பு, உள் எலும்பு இரண்டிலும் பின் விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்த வேண்டும். எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே. அடிபட்ட உடனேயும் மருத்துவரிடம் வந்த பிறகும் நொண்டிக்கொண்டாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே. நடுப்பாதம் வலித்தால், சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியையும், உள்பக்கம் வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அதே போல அழுத்திப் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் படம் தேவையில்லை. பல நாடுகளில் சோதிக்கப்பட்டபோது இந்த விதி தவறவிட்ட முறிவுகள் மிக மிகக் குறைவு. தேவையற்ற எக்ஸ்ரேக்கள் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்தன. செலவில்லாத கருவி, கட்டைவிரல் ஒன்றுதான். சின்னக் குழந்தைகளுக்கும், கால் மரத்துப்போனவர்களுக்கும், குடிபோதையில் இருப்பவர்களுக்கும் மட்டும் இந்த விதி செல்லாது. அவர்கள் சொல்லும் வலியை நம்ப முடியாதே.

சுளுக்குக்கு ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நாலு கட்டளைகளை உலகம் முழுக்கப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். 1978இல் வந்த அவருடைய புத்தகம் அதற்குக் காரணம். 2014இல் அவரே தன் கட்டளைகளில் இரண்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நீண்ட ஓய்வும் தொடர்ந்து ஐஸ் வைப்பதும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்றார். வீக்கமும் சூடும் உடலின் பழுதுபார்ப்பு வேலையின் முதல் கட்டம் என்பதால்தான் இந்த மாற்றம். வலிக்கு முதல் ஓரிரு நாள் ஐஸ் வைக்கலாம். அதற்குப் பிறகு, தாங்குகிற அளவுக்கு நடக்கத் தொடங்குவது நல்லது.

சுளுக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வலி போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒருமுறை பிரண்ட கால் மறுபடி மறுபடி பிரளும். நார் தளர்ந்து ஆறியதுதான் காரணம் என்று தோன்றும். 1965இல் லண்டனில் எம்.ஏ.ஆர். ஃப்ரீமன், இப்படிக் கால் பிரளும் பலருக்கு நார் தளர்வாகவே இல்லை என்று கண்டார். நாருக்குள்ளும் மூட்டு உறைக்குள்ளும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவலை நொடிக்கு நொடி அனுப்பிக்கொண்டிருப்பவை அவை. நார் கிழியும்போது அவையும் அறுந்துவிடுகின்றன. நார் ஒட்டிக்கொள்கிறது, தகவல் பழையபடி வருவதில்லை. பாதம் சாயத் தொடங்கியது தெரிவதற்குள் சாய்ந்து முடிந்துவிடுகிறது.

ஆறிவிட்டதாக நீங்கள் நினைக்கும் காலில் மட்டும் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். நல்ல காலோடு ஒப்பிட்டால் தள்ளாட்டம் தெரியும். ஃப்ரீமன் தன் நோயாளிகளை ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகச் சொன்னார். அதன் பிறகு வந்த பல சோதனைகளிலும் இந்தப் பயிற்சி மறுசுளுக்கைக் குறைப்பது உறுதியாகியிருக்கிறது. பலகை வேண்டுமென்பதில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கலாம். ஆனால் வலியே இல்லாத காலுக்கு யார் பயிற்சி செய்வார்கள்?

*

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநார்தான் உடலிலேயே மிகத் தடித்த நார். குதிகாலுக்கு மேலே இரண்டிலிருந்து ஆறு செண்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. அறுவதும் அங்கேதான். வாரக்கடைசியில் மட்டும் இறகுப்பந்து ஆடும் நாற்பது வயதுக்காரர் முன்னால் பாயும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்தது போலத் திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். சிறிது நேரத்தில் வலி குறைந்துவிடும். விரல்களை அசைக்க முடியும், ஒருவிதமாக நடக்கவும் முடியும். அதனால் 'நரம்பு பிசகியிருக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் தானாகக் கீழே மடங்க வேண்டும். மடங்கவில்லை என்றால் நார் அறுந்திருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்த அறுவின் ஆபத்தைக் கூட்டுகின்றன. 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் உறையில் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிட வைத்தது. நம் ஊரில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் மாத்திரை.

அறாமல் நாள்பட வலித்துக்கொண்டே இருக்கும் குதிநாருக்குச் சிகிச்சை பிறந்த கதை வேடிக்கையானது. ஸ்வீடனின் உமியோ நகர எலும்பியல் மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனுக்கே அந்த வலி இருந்தது. அறுவை சிகிச்சை செய்யச் சொல்லித் தன் மேலதிகாரியிடம் கேட்டார். அறுந்தால் ஒழியச் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டார்கள். சரி, அறுத்தே விடுவோம் என்று வலிக்க வலிக்க அந்தக் காலில் சுமை ஏற்றிப் பயிற்சி செய்தார். நார் அறவில்லை, வலிதான் போனது. 1998இல் பதினைந்து ஓட்டக்காரர்களுக்கு அதே பயிற்சியைக் கொடுத்து முடிவை வெளியிட்டார். படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது, நாளொன்றுக்கு 180 முறை, பன்னிரண்டு வாரம். பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள். இன்று உலகெங்கும் பிசியோதெரபிஸ்டுகள் இதையோ இதன் திருத்தப்பட்ட வடிவத்தையோதான் சொல்லித் தருகிறார்கள்.

*

குதிகால் முள்ளுக்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. வலி உண்மை, படம் பொய். 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு இளம் வீரர்களின் புறங்கால் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடியில்லை, விழவில்லை. காரணம் தெரியாமல் நாற்பது ஆண்டுகள் ஓடின. ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகு, 1897இல், அது நீள எலும்புகளில் விழும் மெல்லிய முறிவு என்று தெரிந்தது. திரும்பத் திரும்ப விழும் சிறுசுமைகளை எலும்பு சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த சுமை வந்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இது தெரிவதே இல்லை. "படத்தில் ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவர், மராத்தானுக்குப் பயிற்சியைத் தொடர்ந்து, விரிசலை முழு முறிவாக்கிக்கொண்டு திரும்பி வருவார்.

லிவர்பூலின் ராபர்ட் ஜோன்ஸ் 1902இல் விவரித்த முறிவு அவருடைய சொந்தக் காலில் விழுந்தது. ஒரு நடனத்தின்போது பாதம் பிரண்டது. நார் ஏதோ கிழிந்ததாகத்தான் நினைத்தார். எக்ஸ்ரே எடுத்தபோது சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பு அடிப்பக்கம் முறிந்திருந்தது. அக்காலத்தின் மிகச் சிறந்த எலும்பியல் மருத்துவர்களில் ஒருவருக்கே தன் கால் சொன்னது புரியவில்லை.

தட்டைப் பாதத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். குழந்தையின் ஈரக்கால் தரையில் முழுசாகப் பதிந்தால் பெற்றோர் பதறுகிறார்கள். சிறு குழந்தைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் இருக்கும், வளர வளர வளைவு எழும்பும். தட்டையாகவே நின்றுவிட்டாலும் நெகிழ்வாக இருந்து வலிக்கவில்லை என்றால் அது நோயல்ல. 1992இல் ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 2300 இந்தியக் குழந்தைகளின் பாதத்தடங்களைப் பார்த்தார்கள். செருப்போ ஷூவோ போடும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம்தான். வளைவுக்குத் தாங்கு வைத்த ஷூவைத் தேடி அலையும் பெற்றோருக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்லலாம்.

*

இதுவரை சொன்னதில் வலி திசை மாற்றியது, மிகைப்படுத்தியது, முன்னதாகவே விலகிப்போனது. வலி முற்றாக இல்லாத கால்தான் எல்லாவற்றையும்விட மோசமான நிலையில் இருக்கிறது. அதை உலகுக்குப் புரிய வைத்தவர் கொல்லிமலையில் பிறந்தவர்.

பால் பிராண்ட் 1914இல் அங்கே மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனது அவர் வாழ்க்கையை மாற்றியது. தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே எல்லாரும் நம்பிய காலம். நோய் சதையைத் தின்பதில்லை, நரம்பை மட்டும்தான் கொல்கிறது என்பதைப் பிராண்ட் கண்டார். ஆணி குத்தினாலும் கொப்புளம் வெடித்தாலும் தெரியாமல் அதே காலில் நடந்து நடந்து காலைத் தேய்ப்பவர் நோயாளியே. நமக்கு நீண்ட தூரம் நடந்தால் உள்ளங்காலில் ஓரிடம் சூடேறும். நாம் அறியாமலே நடையை மாற்றி எடையை வேறு பக்கம் சாய்த்துக்கொள்வோம். உணர்வற்ற பாதம் கடைசி அடி வரை முதல் அடியைப் போலவே விழும்.

மருந்தைவிடச் செருப்புதான் முக்கியம் என்று ஆனது. வேலூர், கரிகிரிப் பகுதியின் தொழுநோய்ப் பணியில் நுண்ணறை ரப்பரால் மிருதுவான உள்ளடி வைத்த செருப்புகள் உருவாயின. இன்று குதிகால் வலிக்காரர்கள் கடையில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வம்சம். அதை ஆர்த்தோ செருப்பு என்று விற்கிறவர்களுக்கே அதன் பூர்வீகம் தெரியாது.

தொழுநோய் குறைந்தது. அந்த இடத்தைச் சர்க்கரை நோய் பிடித்துக்கொண்டது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023இல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருக்கும் சர்க்கரை மிக நீளமான நரம்புகளை முதலில் கெடுக்கிறது. கால் விரல் நுனிக்குப் போகும் நரம்பைவிட நீளமானது உடலில் இல்லை. முதலில் எரிச்சல், பஞ்சின் மேல் நடப்பதாக ஒரு தோற்றம், பிறகு ஒன்றுமில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வளையும் வரை அழுத்தியும் உணரவில்லை என்றால் பாதம் பாதுகாப்பை இழந்துவிட்டது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் சுற்றி வந்து, வீட்டுக்கு வந்தபின் உள்ளங்காலில் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் இவர்கள். செருப்புக்குள் கிடந்த சிறு கல்லோடு மாலைவரை நடப்பவர்களும் இவர்களே.

இவர்களில் சிலருக்கு ஒருநாள் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாகும். வலி இருக்காது, அல்லது வீக்கத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் கொஞ்சமாக இருக்கும். கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், அல்லது சுளுக்கு என்று உருவிவிடுவார்கள். தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. உள்ளே பாதத்தின் நடு எலும்புகள் மிருதுவாகி நொறுங்கத் தொடங்கியிருக்கும். 1868இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ஷார்கோ, மேகநோய் முற்றி நரம்பு கெட்டவர்களின் மூட்டுகளில் விவரித்த அதே கேடு. சர்க்கரை நோயிலும் இது வருகிறது என்று 1936இல் அமெரிக்க மருத்துவர் ஜோர்டன் எழுதினார். இந்தப் பாதத்தோடு சில வாரம் நடந்தால் வளைவு இடிந்து உள்ளங்கால் வெளியே புடைக்கும். அந்தப் புடைப்பில் புண் வரும், புண்ணில் சீழ் வரும். காலை எடுக்க வேண்டிய பல கதைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சிகிச்சை பழையது, மலிவானது. பாதத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் தொட்டபடி முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. எடை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். 1930களில் இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோயாளிகளின் உள்ளங்கால் புண்களுக்குப் போட்ட கட்டு இதுதான். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது கூடவே கொண்டுபோனார். வீக்கம் வடிய வடியக் கட்டு தொளதொளத்துவிடும், அவிழ்த்து மறுபடி போட வேண்டும். இப்படிச் சில மாதங்கள்.

கட்டை எப்போது எடுப்பது? நோயாளியைக் கேட்டுப் பயனில்லை, முதல் நாளிலிருந்தே அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. எக்ஸ்ரேயும் தாமதமாகத்தான் சொல்லும். அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பாதங்களையும் ஒரே இடத்தில் அளந்து பார்க்கிறார்கள். கெட்ட கால் நல்ல காலைவிட இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் உள்ளே இன்னும் எலும்பு உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வலிக்காத காலுக்கு எதற்கு இன்னும் ஒரு மாதம் கட்டு என்று சண்டைக்கு வரும் நோயாளியிடம் மருத்துவர்கள் அந்த இரண்டு எண்களைத்தான் எழுதிக் காட்டுகிறார்கள்.